ஆராய்ச்சியை அளப்பது எப்படி?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும் வேலை 1957-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிப்பட்டது 1961-இல். அந்த நிலக்கரியை எரித்து மின்சாரம் பிறந்தது 1962-இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அங்கே என்ன நடந்தது? மேல் மண்ணை வெட்டி அகற்றினார்கள். அடியிலிருந்து பேரழுத்தத்தோடு மேலெழும்பும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்துக் கொட்டினார்கள். அந்த ஆண்டுகளில் ஒருவர், “எத்தனை டன் நிலக்கரி எடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டிருந்தால், விடை பூஜ்யம்தான். விடை பொய்யன்று. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அங்கே வேலையே நடக்கவில்லை” என்று அவர் முடிவு கட்டியிருந்தால், அது பெரும் பிழையாகியிருக்கும்.

இன்றும் நெய்வேலியில் ஒரே வேலைக்குப் பல கணக்குகள் உண்டு. அகற்றிய மண்ணுக்குக் கன மீட்டரில் ஒரு கணக்கு. வெட்டிய நிலக்கரிக்கு டன்னில் ஒரு கணக்கு. அது தரும் வெப்பத்துக்கு ஒரு கணக்கு. பிறந்த மின்சாரத்துக்கு யூனிட்டில் ஒரு கணக்கு. ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு கேள்விக்கு விடை. முதற் கணக்கு உழைப்பைச் சொல்லும். கடைசிக் கணக்கு பயனைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைத்துக்கொண்டால் குழப்பந்தான் மிஞ்சும். மேலும், நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆகவே, ஜாரியாவில் கிடைக்கும் கறுப்பு நிலக்கரி ஒரு டன்னையும் நெய்வேலி நிலக்கரி ஒரு டன்னையும் சமமென்று எண்ணிக் கணக்கிடுவது நியாயமாகாது.

பூமிக்கு அடியில் உள்ள ஒரு பொருளை அளப்பதிலேயே இத்தனை நுணுக்கம் இருக்கிறதென்றால், மனித அறிவின் உழைப்பை அளப்பதில் எவ்வளவு நுணுக்கம் இருக்க வேண்டும்! ஒரு பல்கலைக் கழகம் எவ்வளவு ஆராய்ச்சி செய்கிறது, அந்த ஆராய்ச்சியால் உலகுக்கு என்ன பயன் என்பதை எண்களால் அளக்கும் முயற்சி இப்போது நாடெங்கும் நடைபெறுகிறது. மத்திய அரசு 2015-இல் வகுத்த தேசியத் தரவரிசைத் திட்டத்தின் முதற் பட்டியல் 2016-இல் வெளிவந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு பல்கலைக் கழகத்தின் 100 மதிப்பெண்ணில் 30 ஆராய்ச்சிக்கும் அதைச் சார்ந்த தொழில்திறப் பணிகளுக்கும் உரியது. அந்த 30-ஐப் பகிர்ந்தளிப்பதில், அங்குள்ளோர் எழுதிய கட்டுரைகளின் தொகையும், அக்கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்பதும் முக்கியமான இடம் பெறுகின்றன.

மாணவர்கள் எந்தப் பல்கலைக் கழகத்தில் சேரலாம் என்று முடிவு செய்யும்போது இந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள். பெற்றோர்களும் பார்க்கிறார்கள். ஆசிரியர்களின் பதவி உயர்வும் இத்தகைய எண்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் இந்த அளவுகோல் எப்படிப்பட்டது, அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நலம்.

முதலில், ‘எடுத்தாளுதல்’ என்பது என்ன என்று பார்ப்போம். ஓர் ஆராய்ச்சியாளர் தம் முடிவுகளைக் கட்டுரையாக எழுதும்போது, தாம் எந்தெந்த முன்னோர்களின் கட்டுரைகளைத் துணையாகக் கொண்டார் என்பதை இறுதியில் பட்டியலிட்டுக் காட்டுவார். அதுவே மேற்கோள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம்முடைய பழைய உரையாசிரியர்கள் தாம் கூறும் இலக்கணத்துக்குச் சான்றாகப் பிற நூல்களிலிருந்து செய்யுட்களை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் காட்டிய நூல்களுள் பல இன்று நமக்குக் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் மேற்கோளாக வந்ததனாலேயே அந்நூல்களின் பெயரும் ஒரு சில பாடல்களும் பிழைத்திருக்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி அவ்வாறு மறைந்துபோன நூல்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார். மேற்கோள் என்பது ஒரு நூல் மற்றொரு நூலுக்குச் செலுத்தும் கடன். ஒரு சிந்தனை எந்த வழியாக நடந்து வந்தது என்பதைக் காட்டும் அடிச்சுவடு.

இந்த அடிச்சுவடுகளை எண்ணிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வளர்ந்த கதையில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. நெய்வேலிக்குத் தெற்கே சிதம்பரம். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் சீகாழி. அந்தச் சீகாழியில் 1892-இல் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். நூலகத்தை ஒரு கணக்காசிரியரின் கண்ணோடு பார்த்தார். புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாகக் கொண்டு, நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். உயிர்களை ஆராய்பவர்களுக்கும் பொருளாதாரத்தை ஆராய்பவர்களுக்கும் அளவியல் என்ற துணைக்கலை இருப்பதுபோல நூலகத்துக்கும் ஓர் அளவியல் வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தார். அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் சூட்டினார். நூல்களின் எண்ணிக்கையை அல்ல, அவற்றின் பயனை அளக்க வேண்டும் என்பதே அவருடைய சிந்தனையின் அடிப்படை. இதை நாம் மறவாதிருப்பது நல்லது.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலே மற்றொரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. இராஃபிள்ஸ் கல்லூரியில் பணியாற்றிய டெரெக் பிரைஸ் என்ற ஆங்கிலேயர், இலண்டன் ராயல் சங்கத்தார் 1665 முதல் வெளியிட்டு வரும் விஞ்ஞானப் பத்திரிகையின் பழைய தொகுதிகளைத் தம் வீட்டில் பாதுகாத்து வந்தார். நூலகக் கட்டடம் முடியும் வரையில் அந்த ஏற்பாடு. அவற்றைக் காலவரிசையில் பத்துப் பத்து ஆண்டுகளாக அடுக்கி வைத்தபோது, அடுக்குகளின் உயரம் சீராக ஏறாமல், மேன்மேலும் பெருகிச் செல்வதைக் கண்டார். விஞ்ஞானம் வட்டிக்கு வட்டி போல வளர்கிறது என்ற உண்மையை அவருக்குச் சொல்லித் தந்தது அந்தப் புத்தக அடுக்குதான். பின்னாளில் அவர் விஞ்ஞானத்தின் வளர்ச்சியையே அளந்து ஆராயும் துறைக்கு முன்னோடியானார்.

எண்ணும் வேலைக்கு வழி வகுத்தவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பிற்காலத்துத் தீர்ப்புகளில் எவையெவை ஏற்றன, எவையெவை மறுத்தன என்று காட்டும் அட்டவணை அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கி வந்தது. அதைப் போன்றதொரு அட்டவணை விஞ்ஞானத்துக்கும் வேண்டும் என்று அவர் 1955-இல் எழுதினார். 1964-இல் அத்தகைய மேற்கோள் அட்டவணையை வெளியிடவும் செய்தார். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால், அதற்குப் பின் யார் யார் அதை எடுத்தாண்டார்கள் என்பதை அந்த அட்டவணையில் காணலாம். அது பிறந்தது, படிக்க வேண்டியவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு. மதிப்பெண் போடுவதற்கு அது பயன்பட்டது பின்னரே. இன்று வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் என்ற தொகுப்புகள் இந்த வேலையைக் கணிப்பொறியின் துணையால் செய்கின்றன. மூன்றும் எண்ணும் பத்திரிகைகள் வேறு வேறு. ஆகவே ஒரே கட்டுரைக்கு மூன்றிலும் மூன்று வேறு எண்கள் கிடைக்கக் கூடும்.

இனி, எண்ணும் முறைகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் எளியது கட்டுரைகளை எண்ணுவது. ஒரு பல்கலைக் கழகத்தார் ஓராண்டில் 1,000 கட்டுரை எழுதினால் 1,000 என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எளிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு பல்கலைக் கழகத்தார் கூடி ஒரு கட்டுரை எழுதினால், அதை ஒவ்வொருவருக்கும் ஒன்றென்று எழுதுவதா, ஆளுக்குக் கால் என்று பங்கிடுவதா? ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் இயற்பியல் கட்டுரைக்கு 5,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆசிரியர்கள்! அவர்கள் பணி புரியும் நிறுவனம் ஒவ்வொன்றும் அக்கட்டுரையை முழுமையாகத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டால், ஒரே நெல் மூட்டை நூற்றுக்கணக்கான களஞ்சியங்களில் இருப்பதாகக் கணக்கு வரும். பங்கிட்டு எண்ணினால் இக்குறை நீங்கும்; ஆனால் கூடி உழைப்பவர்களுக்கு ஊக்கம் குறையும். எந்த முறையில் எண்ணினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை நம்புவதற்கில்லை.

கட்டுரைகளின் தொகை உழைப்பைத்தான் காட்டும். அகற்றிய மண்ணின் கணக்கைப் போன்றது அது. பயனைக் காண வேண்டுமானால், பிறர் எடுத்தாண்ட கணக்கைப் பார்க்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினார்கள். ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று வகுத்துப் பார்ப்பது வழக்கம். இந்தச் சராசரி ஏமாற்றக் கூடியது. ஒரு துறையினர் பத்துக் கட்டுரை எழுதியதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பதுக்குத் தலா 2 மேற்கோள். ஒன்றுக்கு மட்டும் 200. மொத்தம் 218, சராசரி 21.8. ஆனால் அந்தப் பத்தில் ஒரு கட்டுரைகூட 21 அல்லது 22 முறை எடுத்தாளப்படவில்லை! வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதைப் பார்த்தால் 2 என்று வரும். மேற்கோள்கள் என்றுமே இப்படித்தான் சிலவற்றின்மேல் குவிந்து விழுகின்றன. ஆகவே சராசரியைச் சொல்பவரிடம் நடு எண்ணையும் கேட்க வேண்டும்.

இந்தக் குறையைத் தவிர்க்க, கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ஹிர்ஷ் என்பவர் 2005-இல் ஒரு முறையை வகுத்தார். ஹெச் எண் என்று அதற்குப் பெயர். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் மிகுதியான வரிசையில் நிறுத்துங்கள். 20, 12, 7, 5, 4, 2 என்று இருப்பதாகக் கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள்; நான்குக்குக் குறையவில்லை. ஐந்தாவதற்கு 4 தான், ஐந்தை எட்டவில்லை. ஆகையால் அவருடைய ஹெச் எண் 4. ஒரே ஒரு புகழ் பெற்ற கட்டுரையால் இந்த எண் வீங்கிவிடாது. ஆனால் இதற்கும் குறை உண்டு. இந்த எண் ஏறுமேயன்றி இறங்காது. ஆகவே வயது முதிர்ந்தவருக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும். அரிய கட்டுரை மூன்றே எழுதியவருக்கு மூன்றுக்கு மேல் ஒருபோதும் வராது.

மற்றொரு கோல், பத்திரிகைகளை அளப்பது. ஒரு பத்திரிகை 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டது என்றும், அவை 2024-இல் 300 முறை எடுத்தாளப்பட்டன என்றும் கொள்வோம். 300-ஐ 100-ஆல் வகுத்தால் 3. இதைத் தாக்க எண் என்கிறார்கள். நூலகர்கள் எந்தப் பத்திரிகையை வாங்கலாம் என்று முடிவு செய்ய இது உதவும். ஆனால் அந்தப் பத்திரிகையில் எழுதியதனாலேயே ஒருவருடைய கட்டுரைக்கு மதிப்பு 3 என்று சொல்வது, பெரிய பள்ளியில் படிப்பதனாலேயே ஒரு மாணவனுக்கு அப்பள்ளியின் சராசரி மதிப்பெண்ணை வழங்குவது போலாகும். பத்திரிகையின் தாக்க எண்ணைக்கொண்டு தனி ஆராய்ச்சியாளர்களை மதிப்பிடுவது தகாது என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் கூடிய அறிஞர்கள் பிரகடனமே செய்திருக்கிறார்கள்.

துறைக்குத் துறை வழக்கமும் மாறும். மருத்துவக் கட்டுரைகள் நீண்ட மேற்கோள் பட்டியல்களோடு விரைந்து வெளிவரும். கணிதக் கட்டுரைகளோ குறைவு, மேற்கோள்களும் குறைவு, அவை பயன்படவும் நெடுங்காலம் ஆகும். ஈரமுள்ள நிலக்கரியையும் கறுப்பு நிலக்கரியையும் டன்னுக்கு டன் ஒப்பிடலாகாது என்று கண்டோமன்றோ? அதுபோல, ஒரு கணிதக் கட்டுரையை அதே ஆண்டில் உலகெங்கும் வெளியான கணிதக் கட்டுரைகளோடுதான் ஒப்பிட வேண்டும். விளக்கத்துக்காக இரண்டு எண்களைக் கொள்வோம். ஒரு கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள். அத்துறையின் உலகச் சராசரி 3. ஒரு மருத்துவக் கட்டுரைக்கு 18 மேற்கோள்; அத்துறையின் சராசரி 24. வெறும் எண்ணில் 18 பெரியது. ஆனால் முன்னது தன் துறைச் சராசரியைப் போல் இரு மடங்கு. பின்னது முக்காற் பங்கே. மருத்துவக் கல்லூரியுள்ள பல்கலைக் கழகத்தையும், மொழியும் கணிதமும் தழைக்கும் பல்கலைக் கழகத்தையும் வெறும் மேற்கோள் தொகையால் ஒப்பிடுவது எவ்வளவு பிழை என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவும் கணக்கைப் பற்றியவை. கணக்கு முற்றிலும் சரியாக இருந்தாலும், மேற்கோள் எதைக் குறிக்கிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் பரங்கிப்பேட்டையில் உள்ளது. அதற்கு அருகில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்து அலையாத்திக் காடு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. கரையோரத்துக் குப்பங்களில் இறந்தவர்கள் பலர். வீடும் வலையும் படகும் இழந்தவர்கள் பல்லாயிரவர். ஆனால் எல்லாக் குப்பங்களுக்கும் ஒரே அளவான சேதம் நேரவில்லை. ஏன்?

அந்நிலையத்தைச் சேர்ந்த கதிரேசனும், அவரோடு இராசேந்திரனும் இந்தக் கரையில் 18 குப்பங்களின் நிலைமையை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலிலிருந்து குப்பம் இருக்கும் தொலைவு, நிலத்தின் உயரம், இடையே உள்ள மரச்செறிவு ஆகியவை உயிர்ச்சேதத்தோடு தொடர்புடையவை என்று கண்டு, அலையாத்திக் காடு ஆழிப்பேரலையின் கொடுமையைத் தணித்தது என்று அவர்கள் முடிவு கூறினார்கள். கட்டுரை உலகின் கவனத்தைக் கவர்ந்தது. மறு ஆண்டே அதே பத்திரிகையில் கெர், பெய்ர்டு, காம்பெல் என்னும் மூவர் மறுப்பு எழுதினார்கள். காடு இருந்த இடங்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்தவை அல்லவா? தொலைவும் உயரமும் செய்த நன்மையைக் கழித்துவிட்டால், காட்டின் பங்கு என்று எஞ்சுவது சிறிதளவே என்று அதே எண்களைக் கொண்டு அவர்கள் வாதிட்டார்கள். வேறு சிலர் அந்தக் கணக்கை மீண்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். வாதம் தொடர்ந்தது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. காடே போதும் என்று நம்பி ஒரு குப்பத்தைக் கடலோரத்திலேயே விட்டுவைத்தால், அடுத்த பேரலையில் உயிர்கள் போகும். காட்டினால் பயனே இல்லை என்று வெட்டிவிட்டால், மீனும் இறாலும் வளரும் இடமும், புயற்காற்றுக்குத் தடையும் போகும். எது சரி என்பதில் மக்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது. ஆனால் மேற்கோள் அட்டவணை என்ன செய்கிறது? கட்டுரையை ஏற்று எழுதியவர் ஒரு மேற்கோள். மறுத்து எழுதியவரும் ஒரு மேற்கோள். முன்னுரையில் போகிற போக்கில் பெயரைக் குறித்தவரும் ஒரு மேற்கோள். மூன்றும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே பல்கலைக் கழகத்தின் கணக்கில் ஏறுகின்றன. ஒரு கட்டுரை பலருடைய சிந்தனையைக் கிளறியது என்பதை இந்த எண் உறுதியாகச் சொல்லும். அது மெய்யா என்பதைச் சொல்லாது. அதை அறிய இரு தரப்புக் கட்டுரைகளையும் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மேற்கோள் மறைந்துபோவதும் உண்டு. அதுவும் மிகுந்த வெற்றியினால்! சென்னைப் பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952 முதல் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கிய ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜென் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை 1954-இல் வெளியிட்டார். பின்னர் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் ஒரு வரைபடத்தை அமைத்தார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்று அது காட்டுகிறது. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று சோதிக்க இராமச்சந்திரன் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். வரைபடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆதலால் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டுமென்று பலருக்குத் தோன்றுவதேயில்லை. பாடப் புத்தகத்தில் கலந்துவிட்ட கண்டுபிடிப்பு மேற்கோள் பட்டியலிலிருந்து மெல்ல விடைபெற்றுக்கொள்கிறது.

எண்ணும் கண்ணுக்குத் தென்படாத ஆராய்ச்சிகளும் பல. சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அன்று முதல் இன்று வரையில் அதைப் புரட்டிப் பாராமல் தமிழாராய்ச்சி செய்தவர் அரியர். ஆனால் அகராதியைப் பார்த்தவரெல்லாம் மேற்கோள் காட்டுவதில்லை. காட்டினாலும், தமிழில் எழுதிய நூல்களையும் இதழ்களையும் மேற்சொன்ன தொகுப்புகள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. நம் ஊர்ச் சிக்கல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் இதே நிலைதான். சுரங்கம் அகழ்ந்த மண்மேட்டை மீண்டும் விளைநிலமாக்குவது எப்படி, பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரிக்கு எந்த நோய் எப்போது வரும், கிணற்று நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறது என்பவற்றை ஆராய்பவரை மேற்கோள் காட்ட உலகில் சிலரே இருப்பார்கள். அவருடைய முடிவால் பிழைக்கும் குடியானவர் கட்டுரை எழுதுபவர் அல்லர். எண்ணுக்காகவே ஆராய்ச்சி என்று ஆகிவிட்டால், இத்தகைய கேள்விகளைக் கேட்பாரே இல்லாமல் போய்விடும். அந்த இழப்பைத் தாங்க வேண்டியவர்கள் இந்தப் பகுதி மக்களே.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நிலைமையை அறிவதற்காக வைத்த அளவை, எட்ட வேண்டிய இலக்காக மாற்றினால், அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் நாணயக் கொள்கையைப் பற்றி எழுதுகையில் சுட்டிய உண்மை இது. ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். ஒருவர் தம் கட்டுரைகளைத் தாமே வேண்டாத இடங்களிலும் எடுத்தாளலாம். நண்பர்கள் ஒருவரையொருவர் எடுத்தாண்டு எண்ணைப் பெருக்கலாம். கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் ஆராயாமல் அச்சிடும் போலிப் பத்திரிகைகளும் தோன்றின. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு அளிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றன. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே குழு, தான் ஒப்புக்கொண்டிருந்த பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்க வேண்டி வந்தது. பின்னர் 2022-ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயமே கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்டு, “அப்படியானால் இந்த எண்களே வேண்டாம், விட்டுவிடலாம்” என்று எண்ணிவிடக் கூடாது. எண்கள் இல்லாவிட்டால் எதைக்கொண்டு மதிப்பிடுவோம்? பெயரையும் பழம் புகழையும் கொண்டுதான். தேசியத் தரவரிசையிலேயே பிறருடைய அபிப்பிராயத்துக்கென்று 10 மதிப்பெண் இருக்கிறது. பெருநகரத்துப் பழைய நிறுவனங்களுக்கு அபிப்பிராயம் தானே வந்து சேரும். சிறிய ஊரில், பெரும் விளம்பரமின்றி, நல்ல ஆராய்ச்சி செய்யும் துறைக்கு, “எங்கள் வேலையை இத்தனை நாட்டார் பயன்படுத்தியிருக்கிறார்கள், பாருங்கள்” என்று காட்டுவதற்கு மேற்கோளே துணை. பரங்கிப்பேட்டையின் பெயர் உலகத்துக் கடல் விஞ்ஞானிகளிடையே வழங்குவதற்கும் அதுவே சான்று. கோல் தேவைதான். அந்தக் கோலால் எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது என்ற தெளிவும் கூடவே தேவை.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் எண்ணைக் காணும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். இது கட்டுரையின் தொகையா, மேற்கோளின் தொகையா? கூட்டுக் கட்டுரைகளை எப்படி எண்ணினார்கள்? எந்தத் தொகுப்பைக்கொண்டு, எத்தனை ஆண்டுகளுக்கு எண்ணினார்கள்? ஒத்த துறைகளைத்தான் ஒப்பிட்டார்களா? ஒன்றிரண்டு கட்டுரைகளே இந்தச் சராசரியை உயர்த்திவிட்டனவா? தம்மைத் தாமே எடுத்தாண்டதைக் கழித்துவிட்டார்களா? இவற்றுக்கு விடை தெரிந்தால் எண் பேசத் தொடங்கும். தெரியாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

நீங்கள் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, அத்துறையின் வரிசை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அங்குள்ள பேராசிரியர் எழுதிய கட்டுரை இரண்டை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். அவற்றை எடுத்தாண்டவர்களின் கட்டுரை இரண்டையும், மறுத்தவர் இருந்தால் அவர் கட்டுரையையும் தேடிப் படியுங்கள். முதற் படிப்பில் பாதி புரியாமற் போகலாம், அதனால் குற்றமில்லை. என்ன கேள்வி கேட்டார்கள், எப்படி விடை தேடினார்கள், விடை யாருக்குப் பயன்பட்டது என்ற மூன்றும் புரிந்தால் போதும். சீகாழியில் பிறந்த நூலகர் இரங்கநாதன் தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியதும் அதுதான்: புத்தகங்கள் பயன்படுவதற்கே. மேற்கோள் அட்டவணையும் நம்மைப் படிக்க வேண்டிய பக்கத்துக்கு இட்டுச் செல்லும்போதுதான் தான் பிறந்த நோக்கத்தை நிறைவேற்றுகிறது.